இடது பக்கத்து வயலின்கள்

இடது பக்கம் சத்தம் கம்மியாக வருகிறது என்று நான் வரிசையாக மூன்று ஹெட்போன்களைக் குறை சொன்னேன். முதலாவது என்னுடைய பழைய பிளாஸ்டிக் ஹெட்போன். மற்ற இரண்டும் மரத்தில் செய்தவை, தில்லை நகரில் ஒரு கடையில் வாங்கியவை. வாங்கியவை என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒன்றை வாங்கி, திருப்பிக் கொடுத்து, மாற்றி வாங்கி, அதையும் கொண்டுபோய்க் கடை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

நான் தென்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பத்து மூன்று வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நானும் கணவரும்தான் இருக்கிறோம். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கணவர் போன வருடம் ரிட்டயர் ஆனார். பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்கூல் விட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வீடு வந்து சேரும்போது அங்கே கம்பி அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே கணவர் டிவியில் நாலு பேர் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மணிவரை இரண்டும் ஓயாது. அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க எனக்குப் பாட்டு தேவைப்பட்டது. பாட்டு இல்லாவிட்டால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவேன். பெரும்பாலும் கணவரை.

பழைய ஹெட்போனில் இடது பக்கம் சத்தம் கம்மியாகியிருந்தது, மெத்தையும் உரிய ஆரம்பித்திருந்தது. கழற்றினால் கன்னத்தில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். காதுக்குள் செருகிக்கொள்ளும் சின்னது எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு முறை காது புண்ணாகி ஒரு வாரம் அவதிப்பட்டிருக்கிறேன். அதனால் காதை முழுதாக மூடுகிற மாதிரி நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று போனில் தேடப்போய், மரத்தில் கடைந்த ஹெட்போனின் படம் ஒன்றைப் பார்த்தேன். கிண்ணம் போல இரண்டு கப். பழுப்பு நிறத்தில் ரேகை ஓடியது. அது என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அதே வேலை. பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், பரீட்சை சூப்பர்விஷனுக்குப் போய் வந்த இடைவெளியில் என்று படித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் தேக்குதான் என்பார், இன்னொருவர் மரமெல்லாம் வெறும் பகட்டு என்பார். மகனுக்குக் காலேஜ் பார்த்தபோதுகூட நான் இவ்வளவு அலசவில்லை என்றார் கணவர். உண்மைதான்.

என் காதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அதில் கர்வம் உண்டு. சின்ன வயதில் எட்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். ஸ்கூல் பிரேயரில் ஒரு பிள்ளை அரை ஸ்ருதி இறங்கினால்கூட எனக்கு உடம்பு கூசும். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் யார் கிசுகிசுக்கிறார்கள் என்று திரும்பாமலே பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். டீச்சருக்கு முதுகிலும் காது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன். எந்தக் கருவி வாங்கினாலும் அதைத் தீர்ப்புச் சொல்ல என் காது போதும் என்ற எண்ணத்தோடுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடை ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரி. மேலே ஒரே அறை, தரையில் கம்பளம், ஒரு சோபா, சுவரில் வரிசையாக ஹெட்போன்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். ஒருவர் போட்டுக் கழற்றியதும் மெத்தையைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுப்பார். உங்களுக்கு எந்தப் பாட்டு ரொம்ப மனப்பாடமோ அதைப் போட்டுக் கேளுங்கள் என்றார்.

எனக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு உண்டு. நூறு தடவைக்கு மேல் கேட்டது. அதன் ஆரம்பத்தில் இடது பக்கம் வயலின்கள் கூட்டமாக எழும்பும். வலது பக்கம் ஒற்றைப் புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்லும். பிறகு நடுவில் குரல் வரும். அதைப் போட்டேன்.

மரத்தில் மூன்று வைத்திருந்தார். தேக்கு, ஈட்டி, வால்நட். பின்பக்கம் வலை வைத்துத் திறந்திருக்கும் வகையும் உண்டு, அதில் பாட்டு காற்றோட்டமாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வரும் என்றார். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றதும் மூடியிருப்பதே நல்லது என்று அவரே சொல்லிவிட்டார். தேக்கில் சத்தம் கூராக இருந்தது, கொஞ்ச நேரத்தில் காதைக் குத்தியது. ஈட்டியில் மிருதங்கம் தொப்பென்று நெஞ்சில் விழுவது போல இருந்தாலும் கனம் தாங்கவில்லை, இருபது நிமிடத்தில் கழுத்து வலித்தது. வால்நட் லேசாக இருந்தது. பாடகி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்டது.

மரத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், உள்ளே இருக்கும் பாகமும் மெத்தை காதில் உட்காரும் விதமும்தான் முக்கியம் என்று அவர் சொன்னார். விற்கிறவரே இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வயலின்கள் மெலிசாக இருந்தன. இடது பக்கம் கம்மியாக வருகிறது என்றேன். அவர் கேபிளை மாற்றினார். மூக்குக் கண்ணாடியின் கம்பி மெத்தையைத் தூக்குகிறதோ என்று கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் சரியானது போலத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று நினைத்தேன், தோன்றியது. வால்நட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான்கு நாள் கேட்டேன். பாட்டையே கேட்கவில்லை, இடது பக்கத்தைத்தான் கேட்டேன். கட்டிலில், நாற்காலியில், பால்கனியில் என்று இடம் மாற்றி உட்கார்ந்து பார்த்தேன். சமையல் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை. ஐந்தாம் நாள் ஸ்கூல் விட்டு நேராகத் தில்லை நகருக்குப் போய் மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் போட்டுக் கேட்டுவிட்டு, தனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றார். ஆனாலும் வாதம் செய்யாமல் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதிலும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை மறுபடி மாடி ஏறினேன்.

அன்றைக்கு சோபாவில் இன்னொரு வாடிக்கையாளர் உட்கார்ந்து ஈட்டி மர ஹெட்போனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியை வைத்துவிட்டு, இதிலும் அதே கோளாறு என்றேன். கடைக்காரர் சோபா பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு தடவ திருப்பிப் போட்டுப் பாருங்க மேடம். இடது கப்ப வலது காதுல வெச்சு."

அவர் முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் கணக்கு நடத்துகிறவளுக்கு இது புரியாதா? திருப்பிப் போட்டால் வயலின்கள் வலது காதுக்கு வரும். அப்போதும் அவை மெலிசாக இருந்தால் கோளாறு ஹெட்போனில். நன்றாகக் கேட்டால் கோளாறு வேறு இடத்தில். இரண்டு நொடி வேலை. இவ்வளவு நாளாக அது எனக்கே தோன்றாமல் போனதா, தோன்ற விடாமல் வைத்திருந்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

"உங்க பொருளச் சோதிச்சுப் பாருங்க. என்னச் சோதிக்காதீங்க" என்றேன். கோளாறான சரக்கை வைத்துக்கொண்டு வாங்குகிறவர்களைக் குறை சொல்கிறீர்கள் என்றும் சொன்னேன். கிளாஸில் பேசிப் பழகிய குரல், அந்தச் சின்ன அறை முழுவதும் கேட்டது.

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோபாவில் இருந்தவர் தன் காதிலிருந்ததைக் கழற்றி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கம்பளத்தின்மேலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் ஆட்டோவுக்குக் கை காட்டியபோது அவர் வெறுங்கையோடு படி இறங்கிப் போவதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாளும் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். போனில் வேறு வேறு ஹெட்போன்களைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன், பிரச்சினை இன்னும் ஹெட்போனில்தான் என்பது போல. காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி மூன்று நாள் விட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது என்ன மருந்து என்று கணவர் கேட்டார். அரிக்கிறது என்று பொய் சொன்னேன். போனில் யாராவது கூப்பிட்டால் வழக்கம் போல வலது காதில் வைத்துக்கொண்டேன். ஒரு தடவை இடது காதுக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றவில்லை.

வியாழக்கிழமை எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறாள். நான் போர்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். மூன்றாவது தடவை கேட்டபோது வகுப்பே சிரித்தது. சிரிப்பு கேட்டுத்தான் திரும்பினேன். அவள் நின்றது ஜன்னல் ஓரம், போர்டில் எழுதும்போது எனக்கு இடது பக்கம். கேட்டதைச் சத்தமாகக் கேட்கத் தெரியாதா என்று அவளைத்தான் கடிந்துகொண்டேன். அவள் முகம் சுருங்கியது. அன்று திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது. நடந்து எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டட வேலை இல்லை. கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். வீடு அமைதியாக இருந்ததால் தப்பிக்கச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் ஹெட்போனை எடுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். முதலில் சரியாக மாட்டிக்கொண்டு கேட்டேன். வயலின்கள் மெலிசாக. பிறகு திருப்பி மாட்டினேன்.

வயலின்கள் வலது காதில் பொங்கிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு வில்லும் தனியாகக் கேட்டது. இடது பக்கம் போன புல்லாங்குழலில் காற்று மட்டும் எங்கோ தெரு முனையில் போவது போல இருந்தது. மறுபடி நேராக மாட்டினேன். மறுபடி திருப்பினேன். நாலைந்து தடவை அப்படிச் செய்தேன். பிறகு ஹெட்போனை வைத்துவிட்டு, காதருகே இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தேன். வலது பக்கம் சரசரவென்றது. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

கணவர் பையோடு உள்ளே வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோளாறு ஹெட்போனில் இல்லை, என் இடது காதில் என்றேன். அவர் அதிர்ச்சியடைவார், பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். என்ன தெரியும் என்று கேட்டேன். இரண்டு வருடமாகவே தெரியும் என்றார். நான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது கூப்பிட்டால் கேட்பதில்லையாம். வெளியே நடந்து போகும்போது அவர் என் வலது பக்கம் வந்துவிடுவாராம். ஓட்டலில்கூட அப்படிப் பார்த்துத்தான் உட்காருவாராம். யோசித்துப் பார்த்தால் எல்லாம் அப்படித்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"இத எங்கிட்டச் சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணலையா?"

"ஆரம்பத்துல ஒரு தடவ சொன்னேன். நீங்க வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்கன்னு சண்ட போட்ட. அதுக்கப்புறம் ஒன் காதப் பத்தி ஒங்கிட்ட யாரு பேசறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கத்தரிக்காயை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. இரண்டு வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று கத்தினேன். என்னைக் கோமாளியாக்கிவிட்டீர்கள் என்றேன். அன்று சமைத்ததைத் தனித்தனியாகச் சாப்பிட்டோம். ஆனால் மறுநாள் காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, தில்லை நகரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சாயங்காலம் ஐந்தரைக்கு டோக்கன் போட்டிருப்பதாகச் சொன்னார். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் ஒரு பெண்மணி. உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு அழுக்கும் இல்லை, ஓட்டையும் இல்லை என்றார். பரிசோதனைக்கு ஒரு சின்னக் கூண்டு போன்ற அறைக்குள் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு அட்டை. காதில் பெரிய ஹெட்போன், கையில் ஒரு பட்டன். பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண் மிஷினை இயக்கினாள். வலது காது முடிந்து இடது காதுக்கு வந்தது. ஒன்று கேட்டது, அழுத்தினேன். இன்னொன்று. அதற்குப் பிறகு நீளமாக ஒரு மௌனம். இப்போது சத்தம் வந்துகொண்டிருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை என்று தோன்றியது. பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, கணக்குப் போட்டு, மறுபடி அழுத்தினேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "மேடம், கேட்டா மட்டும் அழுத்துங்க" என்றாள்.

எத்தனை பிள்ளைகளைக் காப்பி அடித்ததற்காக எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். என் முகம் சூடாகிவிட்டது. பிறகு ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலும் பட்டனைத் தொடாமலே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தாளில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வலது காதின் கோடு மேலேயே போனது. இடது காதின் கோடு பாதி வழியில் சரிந்து இறங்கியது. கிராஃபை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் போயிருக்கின்றன.

"வயசுனா ரெண்டு காதும் சேந்து குறையும். ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சிருக்கறதால ஒரு ஸ்கேன் பாத்துடுவோம். நரம்புல கட்டி கிட்டி எதுவும் இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான். பெரும்பாலும் இருக்காது" என்றார்.

பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். புதன்கிழமை ஸ்கேன். காதில் பஞ்சு அடைத்து, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் ஹெட்போனை மாட்டிக் குழாய்க்குள் தள்ளினார்கள். தகரத்தில் ஆணி அடிப்பது போல் அந்த மிஷின் அரை மணி நேரம் அடித்தது. இந்த இடியிலும் இடது பக்கம் குறைவாகக் கேட்கிறதா என்று உள்ளே படுத்துக்கொண்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை பேப்பர் திருத்தியதில் மூன்று பேருக்குக் கூட்டலைத் தப்பாகப் போட்டிருந்தேன். பிள்ளைகளே கொண்டுவந்து காட்டினார்கள். இதுவரை நடக்காத விஷயம். மகனிடம் சொல்லவில்லை. கணவரும் நானும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். ஆனால் ரிப்போர்ட் வாங்கப் போன வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை.

கட்டி எதுவும் இல்லை. நரம்பு பலவீனமாகியிருக்கிறது, காரணம் சொல்ல முடியாது, போனது திரும்பி வராது, இப்படியே நின்றுவிடவும் செய்யலாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். கணவர் தரையைப் பார்த்தார். திடீரென்று ஒரே நாளில் போனால் உடனே வந்து பார்க்க வேண்டும், அதற்கு மருந்து உண்டு, மெல்ல மெல்லக் குறைவதற்கு அப்போது வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்றார். ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாமா என்றும் கேட்டேன். சத்தத்தைக் குறைத்து, நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுத்துக் கேட்கலாம் என்றார்.

கீழே இறங்கியதும் கணவர் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கட்டி இல்லை என்ற சந்தோஷம் அந்த டம்ளர் தீரும்வரை இருந்தது. பிறகுதான் போனது திரும்பாது என்ற வார்த்தை வந்து உட்கார்ந்தது. ரோட்டோரத்தில் வண்டிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில் நின்று அழுதேன். அவர் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தான் அப்போதே பிடிவாதமாகக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார். டாக்டர்தான் சொன்னாரே என்றேன் நான். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

கடைக்குப் போக எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. கணவர் கீழே ஸ்கூட்டரோடு நின்றுகொண்டார். மாடிப்படியில் ஏறும்போது சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே யாரும் இல்லை. கடைக்காரர் எழுந்து நின்றார்.

"உங்க பொருள்ல கொற ஒண்ணும் இல்லங்க. என் காதுலதான். அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வந்தது.

அவர் உட்காரச் சொன்னார். முதல் நாளே சந்தேகம் வந்ததாகவும், நான் கேட்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்ததைக் கவனித்ததாகவும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேபிளை மாற்றியதாகவும் சொன்னார். அன்றைக்கு என்னால் எழுந்து போன அந்த வாடிக்கையாளர் திரும்ப வந்தாரா என்று கேட்டேன். வரவில்லை என்றார். பரவாயில்லை என்றும் சொன்னார். பரவாயில்லை என்று அவர் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். மூன்றையும் முதலிலிருந்து கேட்டேன். இந்தத் தடவை என் காது நீதிபதி இல்லை. போனில் இடது பக்கத்துச் சத்தத்தை மட்டும் கூட்டுகிற வசதி ஒன்று இருப்பதைக் கடைக்காரர் காட்டிக்கொடுத்தார். கூட்டியதும் வயலின்கள் எழுந்தன. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்தன. இரண்டு பக்கத்தையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றாக அனுப்பவும் வழி இருக்கிறது, அப்படிச் செய்தால் எந்த வாத்தியமும் தப்பிப் போகாது என்றார். செய்து பார்த்தேன். பாட்டு முழுவதும் சுருங்கி நெற்றிப்பொட்டுக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். முன்பு குத்துகிறது என்று தள்ளிய தேக்கு இப்போது இடது காதுக்கு நன்றாக இருந்தது, வலது காதுக்கு ஆகவில்லை. ஈட்டியின் கனத்த சத்தத்தில் இரண்டு பக்கத்து வித்தியாசமும் அமுங்கிப் போனது. எல்லாம் மெத்தென்று, ஒரே சீராக இருந்தது. வால்நட்டில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

கடைக்காரர் ஈட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கனம்தான் பிரச்சினை என்றால் தலைப்பட்டையில் கூடுதல் மெத்தை வைத்துத் தருகிறேன் என்றார். நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ஈட்டியை வாங்கினால் நிம்மதியாகக் கேட்கலாம். ஆனால் குறையை மூடி மறைப்பதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், காது இன்னும் கொஞ்சம் போனாலும் எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு தடவை தெரியாமல் இருந்தாயிற்று. வால்நட்டையே கொடுங்கள் என்றேன். அவர் துணியை எடுத்தார். துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் வந்ததும் முதலில் அந்தப் பாட்டைப் போட்டு, இடது பக்கம் நேற்று இருந்த அளவு இன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தூங்கி எழுந்ததும் விரலைத் தேய்த்துப் பார்க்கிறேன். மணிக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்கிறார் கணவர். சில நாள் பார்த்து முடித்த பிறகு பாட்டுக் கேட்கவே தோன்றாது. சில நாள் நல்லபடியாக ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

வகுப்பில் சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் இருக்கிறவர்கள் சந்தேகம் கேட்டால் கையைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள், எனக்கு அந்தப் பக்கம் காது மந்தம் என்றேன். மந்தம் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு சுண்ணக்கட்டியை எடுப்பது போலத் திரும்பிக்கொண்டேன். நான் திட்டிய அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு அன்று தப்பு உன்மேல் இல்லை என்றேன். அவளுக்கு அது நினைவே இல்லை, அல்லது இல்லாத மாதிரி இருந்தாள். இப்போது பேச விரும்புகிறவர்களெல்லாம் ஜன்னல் பக்கத்து பெஞ்சுக்கு இடம் மாறுகிறார்கள். தோள் குலுங்குவதைப் பார்த்துப் பிடிக்கிறேன்.

போன மாதத்திலிருந்து இன்னொன்றும் நடக்கிறது. நான் ஸ்கூலிலிருந்து வந்து ஹெட்போனை எடுத்து மாட்டினால் அது நழுவிக் கன்னத்துக்கு இறங்குகிறது. தலைப்பட்டை இரண்டு பக்கமும் இரண்டு படி நீட்டப்பட்டிருக்கிறது. என் தலையைவிடப் பெரிய தலை இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. பகலில் அவர் என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை. பாட்டில் அவருக்கு ருசி உண்டு என்று இத்தனை வருடத்தில் நான் நினைத்ததே இல்லை. டிவியில் கத்துகிற அந்த நாலு பேரைத்தான் இதில் கேட்கிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம். கேட்டுவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். அவர் காபியைக் கொண்டுவந்து வைப்பார், நான் பட்டையைக் கிளிக் கிளிக் என்று என் அளவுக்குத் தள்ளிக்கொள்வேன், அவரும் அதைப் பார்ப்பார். இதுவரை இருவரும் எதுவும் சொல்லவில்லை.